சாவா மூவாப் பேராடு: பணத்தின் வரலாறும் பயனும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேடை, இந்த ஒலிபெருக்கி, வாசலில் நாம் அருந்திய தேநீர், நான் வந்த ரயிலின் பயணச்சீட்டு, எல்லாம் ஒரு வைப்புத்தொகையின் வட்டியிலிருந்து வந்தவை. ஒரு குடும்பம் தன் வீட்டுப் பெரியவரின் நினைவாக ஒரு தொகையை இக்கல்லூரியிடம் ஒப்படைத்தது. முதலைத் தொடக்கூடாது, வட்டியைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்த வேண்டும் என்று எழுதி வைத்தது. அந்தப் பெரியவரை உங்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பெயரால் இன்று மாலை இங்கே கூடியிருக்கிறோம். பணத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்காது.

பணம் என்றால் என்ன, அது எதற்காக என்ற இரண்டு கேள்விகளையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

சொற்கள் சொல்வது

நம் வீட்டுப் பேச்சிலிருந்தே தொடங்கலாம். நாணயம் என்றால் காசு. ‘நாணயமான மனிதர்’ என்றால் சொன்ன சொல் தவறாதவர். கடன் என்றால் வாங்கிய தொகை. காலைக்கடன், நீத்தார் கடன் என்னும்போது அதே சொல் கடமையைக் குறிக்கிறது. மதிப்பு என்பது விலையும் ஆகும், மரியாதையும் ஆகும். கிழிந்த நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்பது, ‘இது செல்லுமா?’ என்று. தாளின் தரத்தையோ மையின் நிறத்தையோ கேட்பதில்லை. அடுத்தவர் கை இதை ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இந்தச் சொற்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. பணம் என்பது மனிதர் மனிதருக்குக் கொடுத்த வாக்கு. பொன்னும் வெள்ளியும் தாளும் அந்த வாக்கு காலத்துக்குக் காலம் உடுத்திக்கொண்ட உடைகள். என் பேச்சின் சாரம் இதுதான். இனி அதற்கான சான்றுகளைப் பார்ப்போம்.

பண்டமாற்றும் பற்றுவரவும்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு கதை படித்திருப்போம். ஆதியில் பண்டமாற்று இருந்தது. அரிசி வைத்திருந்தவருக்குத் துணி வேண்டும், துணி வைத்திருந்தவருக்கோ அரிசி வேண்டாம், ஆகவே எல்லோரும் ஏற்கும் ஒரு பொருளைப் பணமாக்கிக்கொண்டார்கள் என்பது கதை. 1776-இல் ஆடம் ஸ்மித் தம் நூலில் இப்படித்தான் விளக்கினார். ஆனால் மானிடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். பண்டமாற்றை மட்டுமே நம்பி வாழ்ந்து, அதிலிருந்து பணத்தை உண்டாக்கிக்கொண்ட ஒரு சமூகத்தைக்கூட யாரும் பதிவு செய்யவில்லை என்பது அவர் கண்ட முடிவு. அயலூராருடன் பண்டமாற்று நடந்ததுண்டு. நம் உமணர் உப்பு வண்டியோடு ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு உப்பு விற்றதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஆனால் ஒரே ஊருக்குள் வாழ்ந்தவர்களுக்கிடையே நடந்தது வேறு.

நம் கிராமங்களையே நினைத்துப் பாருங்கள். தச்சர் கலப்பையைச் செப்பனிட்டதும் நெல்லை நீட்டுவதில்லை. குயவர் பானை கொடுத்த அன்றே கணக்கு முடிவதில்லை. ஆண்டு முழுதும் வேலை நடக்கும். அறுவடை முடிந்து களத்தில் பொலி குவிந்ததும் அவரவர் பங்கை மரக்காலால் அளந்து போடுவார்கள். கொடுத்ததும் பெற்றதும் எல்லோர் நினைவிலும் இருந்தன. அதாவது காசு புழங்குவதற்கு முன்பே பற்றுவரவு இருந்தது. மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளும் இதையே காட்டுகின்றன. உலகின் முதல் நாணயங்கள் லிடியாவில் கி.மு. ஏழாம் நூற்றாண்டு அளவில் அச்சாவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மெசொப்பொத்தேமியாவில் வாற்கோதுமை இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று கடன் கணக்குகள் எழுதப்பட்டன.

இந்தக் களத்துக் கணக்கை நான் போற்றிப் பாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்கில் யாருக்கு எவ்வளவு என்பதைச் சாதி தீர்மானித்தது. வாங்குபவர் குறைவு என்று வாய் திறக்க முடியாது, வேலையை விட்டுப் போகவும் முடியாது. கூலி காசாகக் கையில் வந்த பிறகுதான் பலருக்கு ஊரைவிட்டுப் புறப்படும் துணிவு வந்தது. நெல்லை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேற முடியாது, காசை முடிந்துகொண்டு ஏறலாம். காசு முகம் பார்க்காது என்பதை நாம் குறையாகச் சொல்கிறோம். முகம் பார்த்து ஒதுக்கப்பட்டவருக்கு அது விடுதலை.

விதையும் முத்திரையும்

தமிழ்நாட்டில் பொன்னை எதைக் கொண்டு நிறுத்தார்கள்? வேலியோரக் கொடியில் காய்க்கும் குன்றிமணியாலும், மரத்திலிருந்து உதிரும் மஞ்சாடி விதையாலும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. விதைகள் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பதை நம் முன்னோர் கண்டு தேர்ந்தார்கள். பின்னர் அந்த அளவைக் கல்லில் நிலைப்படுத்தினார்கள்.

ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை, நான் பார்த்துவிட்டேன், நம்புங்கள் என்று ஒருவர் சொல்வதுதான் முத்திரை. சங்க காலப் பாண்டியர் காசில் ‘பெருவழுதி’ என்ற பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. சேரர் காசுகளில் ‘மாக்கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்ற பெயர்கள் இருக்கின்றன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தேடித் தேடி வெளிக்கொணர்ந்தார். கரூரிலும் கோவை வட்டாரத்திலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் உரோமப் பேரரசர்களின் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. இந்தியப் பண்டங்களுக்காக உரோமிலிருந்து ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு வெளியேறுகிறது என்று உரோம எழுத்தாளர் பிளினி முறையிட்டார். முன்பின் பார்த்திராத ஓர் அரசனின் தலை பொறித்த காசை நம் மிளகு வணிகர் வாங்கிக்கொண்டார். அவர் நம்பியது பொன்னின் மாற்றை. அரசன் தூரத்தில் இருந்தான், பொன் கையில் இருந்தது.

தொண்ணூற்றாறு ஆடுகள்

இனி நான் மிகவும் விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவு பெற்றது. தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டான். பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். மணிகள் பதித்த நகைகளை நிறுத்த கல் வேறு, அதன் பெயர் ‘தட்சிணமேருவிடங்கன்’. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் எழுதிவைத்தவர்கள் அவர்கள். கணக்கைப் பிற்காலத்தார் சரிபார்ப்பார்கள் என்று எண்ணியவர்தாம் இப்படி எழுதுவார்.

அந்தக் கல்வெட்டுகளில் காசு எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். கோயிலுக்கு வந்த காசைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி), அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பொலிசையை நெல்லாகச் செலுத்திய ஊர்கள் காசுக்கு முக்குறுணி அளந்தன. அன்று ஒரு காசுக்கு இருகலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, ஆக இருகலம் இருபத்துநான்கு குறுணி. அதில் மூன்று குறுணி எட்டில் ஒன்று, அதுவும் அரைக்கால்தான். கணக்கு எவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகிறது! இறைவன் நீராடும் நீரில் இடும் ஏலத்துக்கும், சண்பக மொட்டுக்கும், இலாமிச்சை வேருக்கும்கூட இப்படி ஒரு முதலும் அதற்கொரு பொலிசையும் இருந்தன. பொலிசை என்ற சொல்லிலேயே களத்து நெற்பொலியின் வாசனை இருக்கிறது. முதல் என்பது வித்து, பொலிசை என்பது விளைச்சல் என்று எண்ணிய மக்கள் ஆக்கிய சொல் அது.

காசைவிட வியப்பானது ஆடு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை, அல்லது நாற்பத்தெட்டுப் பசுக்களை, அல்லது பதினாறு எருமைகளை இடையர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அவற்றை மேய்ப்பார், பெருக்குவார், உழக்கு நெய்யை நாள்தோறும் அளப்பார். அவருடைய பெயர், ஊர், அவரோடு பொறுப்பேற்ற உறவினர் பெயர்கள் எல்லாம் பேரரசனின் பெயர் இருக்கும் அதே கோயிலின் கல்லில் இருக்கின்றன. இப்படிக் கொடுத்த ஆட்டைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைக்கின்றன. சாகாத, மூப்படையாத பெரிய ஆடு!

ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். கிழடாகும், நோய் வரும், நரி கொண்டுபோகும். ஆனால் தொண்ணூற்றாறு என்ற எண் சாகாது. ஓர் ஆடு போனால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும். இடையர் போனால் அவர் மகன் வருவார். சூரிய சந்திரர் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும் என்று கொடுத்தவர் எழுதினார். அதை ஏற்றுக்கொண்டவர் தம் பேரப்பிள்ளைகளின் சார்பிலும் ஏற்றுக்கொண்டார்.

பணம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த மூன்று சொற்களைத்தான் காட்டுவேன். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் நோட்டு கசங்கும், கிழியும், வங்கிக்குத் திரும்பிப் பொடியாக்கப்படும். அதற்குப் பதில் இன்னொரு நோட்டு வரும். எண் நிலைக்கும், வாக்கு நிலைக்கும். அதுவும் ஒரு சாவா மூவாப் பேராடுதான்.

இதே காலத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பஞ்சத்தில் பிழைக்க வழியின்றித் தன்னையும் தன் இரு மகள்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட ஒருவரைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு காட்டுகிறது. விளக்குக்காகக் கொடுத்த காசு வாழ்வித்தது. அதே காசு மனிதருக்கு விலை வைத்தபோது தன் பயனைக் கடந்துவிட்டது. கடன் தலைமுறை தாண்டலாம் என்பதால்தான் விளக்கு எரிந்தது. கடன் தலைமுறை தாண்டலாம் என்பதால்தான் கொத்தடிமையும் இருந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடன்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. பண்டைய பாபிலோனிய அரசர்களும் அவ்வப்போது குடிகளின் கடன்களை ரத்து செய்து ஆணையிட்டதுண்டு. எந்த வாக்கு காக்கத்தக்கது, எது முறிக்கத்தக்கது என்று தேர்வதும் நாணயத்தின் பகுதிதான்.

வாக்கு முறிந்த காலங்கள்

பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் ‘அன்றாடு நற்காசு’ என்ற தொடர் வரும். அன்றைக்குப் புழங்கும் நல்ல காசு என்று பொருள். பிறகு ‘அன்றாடு நற்பழங்காசு’ என்றும் எழுதினார்கள். நல்ல காசு என்று தனித்துச் சொல்ல வேண்டியிருந்தால் நல்லதல்லாத காசும் கைமாறியிருக்கிறது என்பதே பொருள்.

1330-ஐ ஒட்டி தில்லியில் முகமது பின் துக்ளக் செம்பும் பித்தளையுமான காசை வெள்ளித் தங்காவின் மதிப்புக்கு வெளியிட்டார். அவரைப் பித்தர் என்று சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம். ஆனால் அவர் செய்ய முயன்றதைத்தான் இன்று எல்லா நாடுகளும் செய்கின்றன. நம் பத்து ரூபாய்க் காசில் பத்து ரூபாய் உலோகம் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் திட்டம் தோற்றது போலிக் காசைத் தடுக்க வழி செய்யாததால். கள்ளக் காசு பெருகியது. கடைசியில் கருவூலம் வெள்ளியைக் கொடுத்து அந்தச் செம்பைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், சிறு சேமிப்பாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இட்டுவைத்த பணத்தை இழந்தனர். அந்த அழிவிலிருந்து ஒரு பாடமும் பிறந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் நண்பர்களும் முயன்று, அடுத்த ஆண்டே, 1907 ஆகஸ்டு 15 அன்று, இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். முறிந்த நம்பிக்கையை ஓராண்டுக்குள் இன்னொரு நிறுவனமாகக் கட்டியெழுப்பினார்கள்.

ரூபாய் நோட்டில் ஒரு கையெழுத்து

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் சென்னையில் புழங்கியது வராகன். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. அது 180 கிரெயின் எடையுள்ள வெள்ளிக் காசு. 1940-இல் வெள்ளி பாதியானது. 1947-இல் ரூபாய் நிக்கலானது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு. அதற்குப் பிறகு பிறந்தவர்களும் இருபத்தைந்து காசை நாலணா என்றே சொல்லி வந்தோம். உலோகம் மாறியது, கணக்கு மாறியது, ரூபாய் செல்லுபடியானது.

இந்த ரூபாயைப் பற்றி 1923-இல் ஓர் ஆய்வு நூல் லண்டனில் வெளியானது. எழுதியவர் அம்பேத்கர். நூலின் பெயர் ‘ரூபாயின் சிக்கல்’. ரூபாய்க்கு வெளிநாட்டில் என்ன மாற்று விலை என்பதைவிட, உள்நாட்டில் அது எவ்வளவு பொருள் வாங்குகிறது என்பதே முதன்மை என்று அவர் வாதாடினார். நோட்டு அச்சிடும் அதிகாரம் ஆள்வோரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். நாணயம் பற்றிய அரசு ஆணையத்தின் முன் சாட்சியமும் அளித்தார். அந்த ஆணையம் 1926-இல் மத்திய வங்கி ஒன்றைப் பரிந்துரைத்தது. 1935 ஏப்ரல் 1 அன்று இந்திய ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது. விலை ஏறினால் முதலில் அடிபடுவது அன்றாடக் கூலி வாங்குபவர் என்பதை அம்பேத்கர் போன்ற ஒருவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்களிடம் இருக்கும் பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் தருவதாக உறுதி கூறி ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டிருக்கிறார். ஒரு ரூபாய் நோட்டில் அந்த உறுதிமொழி இருக்காது. அதை வெளியிடுவது மத்திய அரசு, கையெழுத்திடுபவர் நிதித்துறைச் செயலர். பத்து ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து உறுதிமொழியை நிறைவேற்றுங்கள் என்றால் என்ன கிடைக்கும்? இன்னொரு பத்து ரூபாய் கிடைக்கும். ஒரு காலத்தில் வெள்ளி கிடைத்தது. 1971 ஆகஸ்டு 15 அன்று அமெரிக்கா தன் டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த தொடர்பை அறுத்த பிறகு உலகில் எந்தப் பெரிய நாணயத்துக்குப் பின்னாலும் பொன் நிற்கவில்லை. நிற்பது அந்தந்த நாட்டு மக்களின் உழைப்பும், வரியும், சட்டமும்.

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பண மதிப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு அவை. வீட்டுக்காரருக்கும் தெரியாமல் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் சேர்த்து வைத்த பெண்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். ‘செல்லாது’ என்ற ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று அன்று நாடு முழுவதும் உணர்ந்தது. பணம் நம் பையில் இருந்தாலும் அதன் உயிர் பிறர் சொல்லில் இருக்கிறது.

இன்று தேநீர்க் கடையில் கைப்பேசியைக் காட்டுகிறோம். பணம் வந்துவிட்டது என்று ஒரு சிறிய பெட்டி தமிழில் அறிவிக்கிறது. காசும் இல்லை, தாளும் இல்லை. ஒரு கணக்கில் எண் குறைகிறது, இன்னொரு கணக்கில் கூடுகிறது. புதுமை என்று இதை வியக்கிறோம். பசிபிக் கடலில் யாப் தீவு மக்கள் பெரிய வட்டக் கற்களைப் பணமாக வைத்திருந்தார்கள். கல் இருந்த இடத்திலேயே இருக்கும், அது யாருடையது என்பதை ஊர் நினைவில் வைத்திருக்கும். களத்துக் கணக்குக்கும் கைப்பேசிக் கணக்குக்கும் இடையே உலோகம் ஒரு நீண்ட இடைக்காலம் மட்டுமே.

பணத்தின் பயன்

மாற்றுவதற்கு, மதிப்பிடுவதற்கு, சேர்த்து வைப்பதற்கு என்று மூன்று பயன்களைப் பாடநூல் சொல்லும். மூன்றும் உண்மை. மூன்றுக்கும் அடியில் இருப்பதை நான் இப்படிச் சொல்வேன். முகம் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்புவதற்கும், இன்று இருப்பவர் நாளை வரப்போகிறவருக்கு ஒன்றைச் செய்து வைப்பதற்கும் மனிதர் கண்ட வழி பணம்.

அந்த வழி திறந்திருக்க வேண்டுமானால் கணக்கு திறந்திருக்க வேண்டும். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று 921-ஆம் ஆண்டிலேயே சபை முடிவு செய்தது. மாணவர்களே, உங்களில் பலர் நாளை ஏதோ ஒரு பொதுப் பணத்துக்குப் பொறுப்பாவீர்கள். கோயிலோ, கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் குழுவோ, அரசு அலுவலகமோ, இதுபோன்ற ஓர் அறக்கட்டளையோ, எதுவானாலும் கணக்கைக் கேட்கும் முன்பே காட்டுங்கள். விலைவாசி ஏற ஏற இந்த அறக்கட்டளையின் முதல் தேயும். தேய்ந்த இடத்தில் சிறிது சேருங்கள். செத்த ஆட்டுக்குப் பதில் ஒரு குட்டியை விடுவதுதான் அது.

நம் கல்வெட்டுகள் பலவும் முடியும் விதத்தைச் சொல்லி நானும் முடிக்கிறேன். கொடையை எல்லாம் எழுதிய பிறகு கொடுத்தவர் கடைசியாக ஒன்றைச் சொல்வார்: இந்த அறத்தை இனி வரும் காலத்தில் காப்பவர் யாரோ, அவர் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று. அரசரும் சொன்னார்கள், எளியவரும் சொன்னார்கள். கொடுத்தவர் குனிகிறார், காக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவே இல்லை. இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் சார்பிலும் என் சார்பிலும், இதைக் காக்கப்போகும் உங்களுக்கு அதே வணக்கத்தைச் சொல்கிறேன்.